ஓசூர், கிருஷ்ணகிரி கடைகளில் ‘ஆர்த்தோ’ நாற்காலி: வாங்குமுன் டேப்பை எடுங்கள்

ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ ஒரு ஃபர்னிச்சர் கடைக்குள் போய் "இடுப்பு வலிக்குது, நல்ல சேரா காட்டுங்க" என்று கேட்டுப் பாருங்கள். உயரமான முதுகு, தலைக்கு ஒரு திண்டு, இடுப்புக்கு ஒரு மேடு, கறுப்பு வலை என்று ஒன்றை உருட்டிக்கொண்டு வருவார்கள். "ஆர்த்தோ மாடல் சார், டாக்டருங்களே வாங்கிட்டுப் போறாங்க" என்பார் கடைக்காரர். விலை சுமார் ஆறாயிரத்தில் தொடங்கி ஒன்பதாயிரம் வரை போகும். உட்கார்ந்தால் சுகமாகத்தான் இருக்கும். எதிரே மேஜை இல்லை, செய்ய வேலை இல்லை, சுகத்துக்கு என்ன குறை? வீட்டுக்குக் கொண்டுவந்து மேஜை முன்னால் போட்ட பிறகுதான் சங்கதி தெரியும்.

இந்த நாற்காலிகளோடு, முதுகு வலிக்கென்று மருந்துக்கடையிலும் ஆன்லைனிலும் விற்கிற பெல்ட், திண்டு, மெத்தை எல்லாவற்றையும் சேர்த்தே இங்கே எடைபோட்டிருக்கிறோம். கம்பெனிப் பெயர் எதுவும் சொல்லவில்லை. ஒரே அச்சில் வார்த்த நாற்காலி நாலு ஸ்டிக்கரில் வருகிற சந்தையில் பெயரைப் பார்த்து வாங்கிப் பெரிய பயன் இல்லை.

முதலில் மேஜை

நாற்காலி வாங்கப் போகிறவர் கடைக்குக் கிளம்புமுன் வீட்டிலேயே மூன்று அளவு எடுக்க வேண்டும். தையல் டேப் போதும்.

ஒன்று, மேஜையின் உயரம். நம் பக்கத்து ஆசாரிகள் செய்வதும் கடையில் ரெடிமேடாக வருவதும் பெரும்பாலும் 30 இஞ்ச். இரண்டு, செருப்பில்லாமல் உட்கார்ந்து, பாதம் முழுக்கத் தரையில் பதிந்திருக்கும்போது முழங்காலின் பின்மடிப்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பது. மூன்று, தோளைத் தளர்த்திக் கையை மடக்கி வைத்தால், உட்காரும் பலகையிலிருந்து முழங்கை எவ்வளவு உயரம் என்பது.

ஐந்தடி உயரமுள்ள பெண்ணுக்கு இரண்டாவது அளவு ஏறக்குறைய 15 இஞ்ச் வரும், மூன்றாவது 8, 8½ வரும். கூட்டினால் 23½. அதாவது அவருக்குப் பொருத்தமான மேஜை 23, 24 இஞ்ச் உயரத்தில் இருக்க வேண்டும். இருப்பதோ 30. ஐந்தரை அடி ஆணுக்கு 16½, 9 என்று வைத்துக்கொண்டாலும் 25½தான். இந்த நாலரை முதல் ஆறரை இஞ்ச் இடைவெளிதான் பலரின் கழுத்து வலிக்கும் இடுப்பு வலிக்கும் அடிப்படை. அதை எந்த ஆர்த்தோ மாடலும் தானாகச் சரிசெய்யாது.

நாற்காலியைத் தாழ்த்தி வைத்தால் கால் தரையில் இருக்கும், ஆனால் தோள் இரண்டும் காதுவரை ஏறிக்கொள்ளும். மாலையில் தோள்பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே கல் மாதிரி இறுகிப்போவது இதனால்தான். சரி என்று நாற்காலியை 21 இஞ்ச் வரை ஏற்றினால் கை சரியாக வரும், கால் அந்தரத்தில் தொங்கும். தொடையின் அடிப்பகுதி சீட்டின் விளிம்பில் அழுந்தி மரத்துப்போகும். அதைத் தாங்காமல் உடம்பு என்ன செய்யும்? மெல்ல முன்னால் நகர்ந்து சீட்டின் நுனிக்கு வந்து காலைத் தரையில் ஊன்றும். அத்தோடு முதுகுக்கும் பின்சாய்வுக்கும் தொடர்பு அறுந்தது. ஏழாயிரம் கொடுத்து வாங்கிய இடுப்பு மேடு பின்னால் சும்மா நிற்கும். ஆள் கூனிக்கொண்டு தட்டச்சு செய்துகொண்டிருப்பார்.

இதற்கு மலிவான வைத்தியம் கால்மணை. சேம்பர் செங்கல் படுக்கைவாக்கில் 3 இஞ்ச் உயரம். ஐந்தடிப் பெண் நாற்காலியை 21க்கு ஏற்றினால் அவருக்கு வேண்டியது 6 இஞ்ச்: இடமும் வலமும் இரண்டிரண்டு செங்கல் அடுக்கினால் சரி. ஐந்தரை அடி ஆணுக்கு அந்த ஏற்றத்தில் 4, 4½ போதும். பக்கத்துக்கு ஒரு செங்கல், மேலே ஒன்றேகால் இஞ்ச் பலகை. பலகை ஒன்றரை அடிக்கு ஓரடி இருக்கட்டும். அதைவிடச் சிறிதானால் கால் ஒரே இடத்தில் கட்டுண்டு கிடக்கும். செங்கலின் அடியில் பழைய சைக்கிள் டியூப் துண்டு வைத்தால் டைல்ஸ் தரையில் வழுக்காது. செங்கல் பிடிக்கவில்லையென்றால் ஆசாரியிடம் அதே உயரத்தில் மணை செய்யச் சொல்லலாம், மரத்துண்டு அவரிடமே கிடக்கும்.

இன்னொரு வழி மேஜையைக் குறைப்பது. மரமேஜையானால் நாலு காலிலும் இரண்டு இஞ்ச் அறுத்துவிடலாம். ஆனால் அதற்குமுன் மேஜைக்கு அடியில் டிராயர் இருக்கிறதா பாருங்கள். தொடையின் கனம் 5½, 6 இஞ்ச் என்று வைத்தால் சீட்டுக்கும் டிராயரின் அடிக்கும் நடுவே குறைந்தது 7 இஞ்ச் வேண்டும். கீபோர்டு டிரே மாட்டுகிறவர்களும் இதையே கவனிக்க வேண்டும். தொடை இடிக்கிற டிரே ஒரு வாரத்தில் கழற்றப்படும்.

லேப்டாப் என்றால் திரையை 5, 6 இஞ்ச் தூக்கித் தனிக் கீபோர்டு போட்டே ஆக வேண்டும். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில் வரட்டும். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒன்றாக வரும் புரோகிரசிவ் கண்ணாடி போடுகிறவர்களுக்கு அதைவிட ஓரிரு இஞ்ச் கீழே, இல்லாவிட்டால் எழுத்தைப் படிக்கத் தாடையைத் தூக்கி தூக்கிக் கழுத்து போய்விடும்.

நாற்காலி, பாகம் பாகமாக

சீட்டின் ஆழம்தான் நாங்கள் முதலில் பார்ப்பது, கடைக்காரர் கடைசிவரை சொல்லாததும் அதுதான். பின்சாய்வில் முதுகு ஒட்டும்படி முழுக்கப் பின்னால் போய் உட்காருங்கள். முழங்கால் மடிப்புக்கும் சீட்டின் முன்விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். நுழையவில்லையென்றால் அந்த நாற்காலி உங்களுக்கு இல்லை, விலை எதுவாக இருந்தாலும். 16, 17 இஞ்ச் ஆழம் நம் ஊர் உடம்புக்குப் பெரும்பாலும் பொருந்தும். ‘பாஸ் சேர்’ என்று ரெக்ஸினில் வருபவை 20 இஞ்சுக்குக் குறையாது. ஆளை விழுங்கிவிடும்.

அடுத்து இடுப்பு மேடு. அது தொட வேண்டிய இடம் தொப்புளுக்கு நேர் பின்னால், பெல்ட் போடும் இடத்துக்குச் சற்று மேலே. உட்கார்ந்த பலகையிலிருந்து 6 முதல் 9 இஞ்சுக்குள் மேட்டின் உச்சி வரவேண்டும். பல மாடல்களில் இது 10, 11 இஞ்சில் இருக்கிறது. குட்டையானவருக்கு அது விலாவின் கீழ்ப்பகுதியில் முட்டித் தள்ளும். ஏற்றி இறக்கும் வசதி உண்டு என்பார்கள்; பிடித்து இறக்கிப் பாருங்கள். சிலவற்றில் ஒரு இஞ்ச் கூட நகராது, சிலவற்றில் நகரும் ஆனால் சாய்ந்ததும் தானே வழுக்கி இறங்கும்.

ஹைட்ராலிக் என்று கடையில் சொல்வது கேஸ் சிலிண்டரை. அது சாதாரணமாக 4 இஞ்ச் ஏறி இறங்கும். இதில் பார்க்க வேண்டியது அடிமட்ட உயரம்: முழுக்க இறக்கிய நிலையில் சீட் 17 இஞ்சுக்குமேல் நின்றால், கால்மணை இல்லாமல் குட்டையானவர்கள் அதில் உட்காரவே முடியாது. கசிகிறதா என்று பார்க்க, முழுக்க ஏற்றி, உயரத்தை டேப்பில் குறித்துக்கொண்டு, பத்து நிமிடம் உட்கார்ந்தபின் மறுபடி அளவெடுங்கள். அரை இஞ்ச் இறங்கியிருந்தாலும் வேண்டாம். உள்ளே சீல் தேய்ந்தால் இப்படித்தான் இறங்கும், அதைச் சரிசெய்ய முடியாது, சிலிண்டரையே மாற்ற வேண்டும். பைப் ரிஞ்சும் சுத்தியலும் இருந்தால் மாற்றுவது பெரிய வேலை இல்லை. ஒன்று மட்டும்: கழற்ற வராத பழைய சிலிண்டரைச் சூடு காட்டுவது, ஓட்டை போடுவது கூடவே கூடாது. உள்ளே இருப்பது அழுத்தத்தில் அடைத்த வாயு.

பின்னால் சாயும் அமைப்பு இரண்டு வகை. நடுவில் ஒற்றை அச்சில் சாய்வது மலிவு. சாய்ந்தால் சீட்டின் முன்பக்கமும் மேலே எழும்பிக் காலைத் தரையிலிருந்து தூக்கிவிடும். அதனால் யாரும் சாய்வதே இல்லை, லாக் போட்டு வைத்துவிடுகிறார்கள். ‘சிங்க்ரோ’ என்று கேட்டு வாங்கினால் முதுகு அதிகமாகவும் சீட் கொஞ்சமாகவும் சாயும், கால் தரையிலேயே இருக்கும். விலை இரண்டாயிரம் வரை கூடலாம். பட்ஜெட்டில் எதையாவது தள்ள வேண்டும் என்றால் ஹெட்ரெஸ்டைத் தள்ளிவிட்டு இதை எடுங்கள் என்பது எங்கள் கட்சி. தட்டச்சு செய்கிறவருக்குத் தலைத்திண்டு பெரிதாக உதவாது. தப்பான உயரத்தில் இருந்தால் தலையை முன்னால் தள்ளித் தொல்லைதான் தரும்.

சீட்டுக்கு அடியில் இருக்கும் திருகு சாய்வின் இறுக்கத்துக்கானது. நாற்காலி வாங்கி வருடக்கணக்காகியும் அதைத் தொடாதவர்கள் ஏராளம். ஐம்பது கிலோ ஆளுக்கும் தொண்ணூறு கிலோ ஆளுக்கும் ஒரே இறுக்கம் எப்படிச் சரிவரும்? லாக்கை எடுத்துவிட்டு, காலால் உந்தாமல் லேசாகச் சாய்ந்தால் பின்னால் போகும்படியும், முன்னால் வந்தால் முதுகோடு கூடவே வரும்படியும் வைத்துக்கொள்ளுங்கள். ‘தொண்ணூறு டிகிரியில் நிமிர்ந்து உட்கார்’ என்று பள்ளிக்கூடத்தில் சொன்னதை விட்டுவிடலாம். 100, 110 டிகிரி சாய்வில் உடம்பின் எடையில் ஒரு பங்கைப் பின்சாய்வு வாங்கிக்கொள்ளும். எந்த நிலையானாலும் அரைமணிக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும்; அசையவிடாத நாற்காலி எவ்வளவு நேராக உட்காரவைத்தாலும் கெட்ட நாற்காலிதான்.

கைப்பிடியில் ஒரு கண்ணி இருக்கிறது. நிலையான கைப்பிடி பலகையிலிருந்து 10 இஞ்ச் உயரத்தில் இருந்தால், நாற்காலியை ஏற்றியதும் மேஜை விளிம்பில் இடிக்கும். உள்ளே இழுத்துப் போட முடியாது, ஆள் எட்டிக் குனிவார். கழற்றிவிடலாம், அலன் கீயில் இரண்டு மூன்று போல்ட்தான். ஆனால் மூவாயிரம் நாலாயிரம் ரூபாய் நாற்காலிகளில் சீட்டையும் முதுகையும் சேர்த்துப் பிடிப்பதே சில மாடல்களில் அந்தக் கைப்பிடிதான். பின்பக்கம் தனி இரும்புப் பட்டை சீட்டுக்கு அடியில் போகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுக் கையை வையுங்கள். பட்டை இல்லாமல் கழற்றினால் முதுகு கையோடு வந்துவிடும்.

‘பிஃப்மா’ என்ற எழுத்து ஏதோ ஒரு பாகத்தில் இருப்பதைக் காட்டி முழு நாற்காலிக்கும் சான்று என்பார்கள். அது அமெரிக்க ஃபர்னிச்சர் உற்பத்தியாளர் சங்கத்தின் சோதனை முறை. சிலிண்டரில் அச்சடித்திருந்தால் சிலிண்டருக்கு மட்டும்தான் பொருள். நம் நாட்டில் பணி நாற்காலிக்கு ஐஎஸ் 17631 என்று தனித் தரம் இருக்கிறது, அதைக் கேளுங்கள்.

ஆகமொத்தம்: நாலாயிரம் ரூபாயில் தலைத்திண்டு இல்லாத வலை நாற்காலி, ஆழம் பொருந்தினால், கால்மணையோடு சேர்த்துத் தாராளமாக வாங்கலாம். ஏழெட்டாயிரத்தில் சிங்க்ரோவும் ஏறி இறங்கும் கைப்பிடியும் இருந்தால் காசுக்குத் தகும். ரெக்ஸின் பாஸ் சேர் வேண்டாம். கேமிங் சேர் பந்தயக் காரின் சீட்டைப் பார்த்துச் செய்தது. இருபக்கமும் எழும்பி நிற்கும் விளிம்பு தொடையை நெருக்கும், சம்மணம் போட்டு உட்காரும் நம் பழக்கத்துக்கும் ஆகாது. இ-சேவை மையங்களிலும் ஆடிட்டர் ஆபீசுகளிலும் இருக்கும் சாதாரண பிளாஸ்டிக் நாற்காலியை நாங்கள் அவ்வளவு குறை சொல்ல மாட்டோம். அதன் சீட் பின்பக்கமாகச் சரிந்திருப்பதுதான் கோளாறு. பழைய பெட்ஷீட்டை மடித்து சீட்டின் பின்பாதியில் போட்டால் சரிவு அடங்கும்.

பெல்ட், திண்டு, மெத்தை

தோளில் எட்டு வடிவில் மாட்டும் ‘போஸ்ச்சர் கரெக்டர்’ ஆன்லைனில் முந்நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. தோளைப் பின்னால் இழுக்கிறது, அவ்வளவுதான். இடுப்புக்கு அதனால் எதுவும் இல்லை. இறுக்கினால் அக்குளில் வெட்டும், விரல் மரத்துப்போகும். மரத்தால் உடனே கழற்றுங்கள். காசு வீண்.

இடுப்பைச் சுற்றிக் கட்டும் எல்.எஸ். பெல்ட் அப்படித் தள்ளக்கூடியது இல்லை. கடும் வலி பிடித்த முதல் சில நாட்களில், எழுந்து நடமாட, பேருந்தில் போய்வர உதவும். தொப்புள் மட்டத்தில் சுற்றளவு எடுத்து அதற்கேற்ற அளவு வாங்க வேண்டும், பேண்ட் சைஸைச் சொல்லி வாங்கக் கூடாது. கம்பிகள் முதுகெலும்பின் இருபுறமும் வரும்படி, கீழ்விளிம்பு இடுப்பெலும்பைப் பிடிக்கும்படி கட்டுங்கள். மேலே ஏறி வயிற்றை மட்டும் இறுக்கினால் மூச்சு முட்டும், பயன் இல்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் தூங்கும்போதும் வேண்டாம். வலி வராமலிருக்க தினமும் கட்டிக்கொள்ளலாமா என்றால், அதற்கு ஆதாரம் இல்லை. அமெரிக்காவின் தொழிலிட உடல்நல ஆய்வு நிறுவனமான நையாஷ் 1994லேயே அப்படித்தான் சொன்னது.

இடுப்புத் திண்டில் 4 இஞ்ச் கனமானவை ஆளை சீட்டின் நுனிக்குத் தள்ளிவிடும். அழுந்தியபின் ஒன்றரை இஞ்ச் நின்றால் போதும். அதற்கு ஒரு டர்க்கி டவலைச் சுருட்டி இரண்டு ரப்பர் பேண்ட் போட்டாலே ஆயிற்று. வால் எலும்பு வலிக்கென்று வரும் நடுவே வெட்டிய குஷன் சீட்டை இரண்டு இஞ்ச் உயர்த்தும். அதைப் போடுகிறவர் நாற்காலியையும் இரண்டு இஞ்ச் இறக்க வேண்டும்.

மெத்தைக்கு ஒரு வரி: ‘இடுப்பு வலியா, கட்டாந்தரையில் படு’ என்ற யோசனைக்கு எதிராக, 2003இல் லான்செட் இதழில் வந்த 313 பேர் மீதான ஸ்பானிய ஆய்வு, நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்களுக்குக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டியே நல்லது என்று கண்டது.

கடையில் விற்காதது

நம் இரு மாவட்டங்களில் முதுகு ஒடிவது நாற்காலியில் மட்டும் இல்லை. புளி சீசனில் கொட்டை எடுக்கும் பெண்கள் நாள் முழுக்கத் தரையில் குனிந்திருக்கிறார்கள். அவர்களுக்கு எந்தக் கடையிலும் ஆர்த்தோ மாடல் கிடையாது. 4, 5 இஞ்ச் உயர மணையில் உட்கார்ந்து, புளி தட்டும் கல்லையும் அதே அளவு மேலே தூக்கி வைத்தால் குனிவு பாதியாகும். மணையை மட்டும் உயர்த்தி கல்லைத் தரையிலேயே விட்டால் குனிவு கூடத்தான் செய்யும். பலரும் தடுக்குவது இங்கேதான். ஒரு கால் நீட்டி ஒரு கால் மடக்குவதை அவ்வப்போது மாற்றிக்கொள்ளவும் வேண்டும்.

ராயக்கோட்டை, பாலக்கோடு மண்டிகளில் தக்காளிக் கூடை தூக்குகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. ஜெர்மனியின் உல்ம் பல்கலைக்கழகத்தில் வில்கே குழுவினர் 1999இல் ஒரு தன்னார்வலரின் முதுகு ஜவ்வுக்குள்ளேயே அழுத்தமானியை வைத்து அளந்தார்கள். சும்மா நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல். இருபது கிலோவை முதுகை வளைத்துத் தூக்கினால் 2.3. முழங்காலை மடக்கித் தூக்கினால் 1.7. தூக்கியதை மார்போடு அணைத்து நின்றால் 1.1. ஒரே ஆளிடம் எடுத்த அளவுதான் என்றாலும் போக்கு தெளிவு: காலை மடக்குவதைப் போலவே கூடையை உடம்போடு ஒட்டிவைப்பதும் முக்கியம். கூடைகளைத் தரையில் வைக்காமல் இரண்டு காலிக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தால் முதல் குனிவே மிச்சம்.

பிசியோதெரபி

ஆறு வாரம் தாண்டிய வலிக்கு இன்னொரு நாற்காலி தேடுவதைவிட, அதே காசில் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் நாலைந்து முறை போய்ப் பயிற்சி கற்றுக்கொள்வது மேல். தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் போய்ப் பார்க்கலாம், செலவும் இல்லை. நடமாட முடியாதவர்களுக்கு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். அந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். தனியார் மையத்துக்குப் போனால் ஒன்று கவனியுங்கள்: மெஷினில் படுக்கவைத்துக் கரண்ட் மட்டும் கொடுத்து அனுப்புகிற இடம் வேண்டாம். வீட்டில் செய்யப் பயிற்சி சொல்லித்தந்து, அடுத்த முறை செய்துகாட்டச் சொல்கிற இடத்துக்குப் போங்கள்.

சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போவது அல்லது வராமல் அடைப்பது, தொடை இடுக்கு மரத்துப்போவது, காலில் பலம் குறைவது, வலியோடு காய்ச்சல், விழுந்து அடிபட்டபின் வரும் வலி: இவற்றில் ஏதாவது இருந்தால் பெல்ட்டும் வேண்டாம் திண்டும் வேண்டாம், அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

நாற்காலி வாங்கும்போது பில்லில் ‘ஒரு வருட வாரண்டி’ என்று மொத்தமாக எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஹைட்ராலிக், சாயும் மெக்கானிசம், அடிக்கால், வீல் என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். பிற்பாடு ஹைட்ராலிக் இறங்கினால் "அது வாரண்டில வராது சார்" என்ற பதில் வராது. வலை ஒரு வருடத்தில் தொய்கிறதா என்பதையும் கேட்டு வையுங்கள். அடிக்கால் நைலானா க்ரோமா என்பது பெரிய விஷயம் இல்லை, நடுக்குழியைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று கவிழ்த்துப் பாருங்கள். பார்சலாகப் பிரித்து அனுப்பினால் போல்ட்களை முதலில் பாதி மட்டும் திருகி, எல்லாம் துளையில் உட்கார்ந்த பிறகு முழுக்க இறுக்குங்கள். ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் கடைசி போல்ட் துளைக்கு நேராக வராது, மரை போய்விடும். ஒரு மாதம் கழித்து எல்லாவற்றையும் இன்னொரு முறை இறுக்கினால் கிறீச் சத்தம் வராது.